அண்ணனுக்கு விண்டோஸ், தம்பிக்கு லினக்ஸ்

விண்டோஸ் இருக்கிற கம்ப்யூட்டரில் லினக்ஸையும் பக்கத்தில் உட்கார வைப்பது எப்படி என்று நாலு குறிப்பு எழுதித் தரச் சொன்னீர்கள். ரிப்பேர் கடையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் நான். எனக்கும் வேறு வேலை இல்லை. குறிப்புகளை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு பேசிக்கொண்டிருக்கலாம்.

டிஸ்கில் கை வைப்பதற்கு முன்னால், தொலைந்தால் அழுவார்கள் என்கிற மாதிரி உள்ளதையெல்லாம் வெளியே ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வந்தவர் "முக்கியமா ஒண்ணும் இல்லைங்க" என்று சொன்னால் இரண்டு பிரதி எடுங்கள். விண்டோஸை முழுசாக அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். அது அரைத் தூக்கத்தில் இருக்கும்போது பக்கத்தில் சுவர் எழுப்பக் கூடாது. லினக்ஸை முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, வைஃபையும் பிரிண்டரும் அதோடு பேசுகின்றனவா என்று தெரிந்துகொண்டு, அப்புறம் உள்ளே ஏற்றுங்கள். இரண்டிலும் வேறு வேறு மணி காட்டினால் பயப்படாதீர்கள். வித்தியாசம் சரியாக ஐந்தரை மணி நேரம் இருக்கும். ஒன்று கம்ப்யூட்டர் கடிகாரத்தில் நம் ஊர் நேரத்தை வைக்கிறது, மற்றது உலகப் பொது நேரத்தை வைக்கிறது. ஒரே கட்டளையில் சரியாகிவிடும். எமரால்டு என்கிற ஊரில் ஒரு காய்கறி வியாபாரி மட்டும் அதைச் சரி செய்ய வேண்டாம் என்றார். "நேரமாச்சுன்னு ஊட்ல சத்தம் போட்டா, இன்னொண்ணத் தொறந்து மணியக் காட்டிக்கிறேனுங்க" என்றார். அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

குறிப்பு அவ்வளவுதான். மீதியெல்லாம் வீடியோவில் இருக்கிறது. பின்னால் இரண்டு பேர் நின்று ஆளுக்கொரு பக்கம் கத்தும்போது எந்த பட்டனை அமுக்கக் கூடாது என்பதை மட்டும் எந்த வீடியோவிலும் நான் பார்க்கவில்லை. அதனால் அதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் தேவாலா ஊரிலிருந்து வந்த அம்மா ஒருவரைப் பற்றி ஒரு வார்த்தை. சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர், எஸ்டேட் வேலை. மகளுடைய லேப்டாப்பை வாங்கிப் போக வந்தார். உள்ளே இரண்டு சிஸ்டம் இருக்கிறது, திறக்கும்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் நீட்டி முழக்கிக்கொண்டிருந்தேன். அவர் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "வெளங்குது தம்பி. ஒரே லயம், ரெண்டு காம்பரா. கூரையும் வாசலும் பொது." லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடு, காம்பரா என்றால் அறை. இத்தனை வருடத்தில் இந்த விஷயத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. வாசல் பொது என்கிற கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இனி சொல்லப்போவது அந்த வாசலைத் தூக்கிவிட்டவர்களின் கதை.

குன்னூரில் மார்க்கெட்டிலிருந்து இறங்கும் படிக்கட்டு ஓரமாக ஒரு சின்ன பிரஸ். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, கோயில் நோட்டீஸ் அடிக்கிற இடம். அண்ணன் மயில்சாமி, தம்பி கனகராஜ். கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பம், அப்பா காலத்தில் மலைக்கு வந்தது. அப்பா போன பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. காரணம் கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். இரண்டும் உண்மை மாதிரிதான் இருந்தது.

தாய்மாமன் மலைக்குக் கீழேயிருந்து வந்து பாகம் பிரித்தார். மாடி அண்ணனுக்கு, கீழ்வீடு தம்பிக்கு. வாடிக்கையாளர்களையும் பிரித்தார்: ரயில் தண்டவாளத்துக்கு மேலே குடியிருப்பவர்கள் அண்ணனுக்கு, கீழே குடியிருப்பவர்கள் தம்பிக்கு. கடைசியில் பிரஸ்ஸில் இருந்த ஒரே கம்ப்யூட்டர் மிஞ்சியது. "அதையும் ரெண்டாப் போட்டுருங்க" என்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

நானும் மறுக்கவில்லை, ஏனென்றால் அதில் ஒரு நியாயம் இருந்தது. மயில்சாமி பழைய தமிழ் எழுத்துருவில் அச்சு கோக்கிறவர். அந்த மென்பொருள் விண்டோஸை விட்டு வெளியே வராது. பிரிண்டரோ பழையது. புதிய விண்டோஸ் வந்ததும் அதை யார் என்றே தெரியாது என்று சொல்லிவிட்டது. லினக்ஸ் அதைப் பார்த்ததும் பழைய சிநேகிதன் மாதிரிக் கை குலுக்கியது. டிசைன் போடுவதும் அடிப்பதும் தம்பி வேலை. ஆகவே அண்ணனுக்கு விண்டோஸ், தம்பிக்கு லினக்ஸ். கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல முற்பகல் அண்ணன் முறை, பிற்பகல் தம்பி முறை.

மாமா என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். டிஸ்க் கட்டம் கட்டமாகத் திரையில் தெரிந்தது. "ஏனுங்க தம்பி, எல்லைக்கல்லு எங்க நட்டிருக்கீங்க?" என்று கேட்டார். காட்டினேன். மேஜையிலிருந்த பிரஸ் ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து இரண்டு பக்கமும் அளந்து பார்த்தார். திருப்திதான். ஆனால் முன்னால் சின்னதாக ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இது யாருக்குச் சேருதுங்க?"

"அது பொதுத் தடமுங்க. கம்ப்யூட்டரைப் போட்டதும் ரெண்டு பேரும் அது வழியாத்தான் அவங்கவங்க ஊட்டுக்குப் போகணும்."

"வண்டித் தடம். அதெல்லாம் விட்டுத்தான் ஆகணும்." மாமா ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் தொழிலில் படித்து வந்தவர்களுக்கே இந்தத் துண்டைப் புரியவைக்க எனக்கு ஒரு சாயங்காலம் ஆகும். நிலம் பிரித்துப் பழகியவருக்கு உடனே புரிந்தது. ஒரே குறை, அந்த நேரத்தில் கனகராஜ் டீ குடிக்கப் போயிருந்தார்.

ஆளுக்கொரு பூட்டும் போட்டுத் தரச் சொன்னார்கள், ஒருவர் பாகத்தை மற்றவர் எட்டிப் பார்க்க முடியாதபடி. "அப்புறம் பார்க்கலாமுங்க" என்று தள்ளிப்போட்டேன். பூட்டு கேட்கிறவர்களிடம் முதலில் சாவியை எங்கே வைப்பீர்கள் என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் தள்ளிப்போடுங்கள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. இவர்களுக்கு ஒரு தங்கை, சுகந்தி. ஒரு எஸ்டேட் ஆபீசில் கிளார்க். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஒருநாள் காலையில் எனக்குப் போன்.

"சிவராஜண்ணா, பிரஸ் கம்ப்யூட்டர் எந்திரிக்கல. உடனே வாங்கண்ணா."

"என்ன அவசரம் புள்ள?"

"மத்தியானம் வேன் வருது. நாளைக்குக் காலைல குலதெய்வம் கோயில்ல முதல் பத்திரிகை வெக்கணும். பத்திரிகை இன்னும் அடிக்கல. பெரியண்ணன், போற வழியில மேட்டுப்பாளையத்துல தன் பேரு மட்டும் போட்டு அடிச்சுக்கிறேங்குது. சின்னண்ணன், அப்படின்னா நான் தனியா என் பேருல அடிச்சுக்கிறேங்குது. ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பத்திரிகை போனா மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எந்தப் பத்திரிகைக்கு வருவாங்க? சொல்லுங்க."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

விஷயம் இதுதான். பத்திரிகை வாசகம் முழுவதும் அண்ணன் பாகத்தில் இருந்தது. பூவும் கோலமுமாகப் போட்ட டிசைன் தம்பி பாகத்தில் இருந்தது. 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டு, அதற்குக் கீழே வர வேண்டிய பெயர் வரி மட்டும் காலி. தன் பெயர் மட்டும்தான் வரும் என்பது அண்ணன் கட்சி. என் பெயர் இல்லாத பத்திரிகை என் பிரிண்டரிலிருந்து வராது என்பது தம்பி கட்சி. மாதிரி ஒன்று அடித்துக் கையில் கொடுத்தால் இரண்டு பேரும் இறங்கி வருவார்கள் என்று சுகந்தி நம்பிக்கொண்டிருந்தாள். அந்த மாதிரியை அடிக்கத்தான் கம்ப்யூட்டர் எழவில்லை.

பிரஸ்ஸுக்குள் மயில்சாமி மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். கனகராஜ் காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்து வாசலில் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில், கிளம்புவதற்கு எதுவுமே இல்லை என்கிற ஒரு வரி.

இந்த இடத்தில் நீங்கள் எல்லாரும் ஒரு கேள்வி கேட்பீர்கள்: "கடைசியா என்ன பண்ணீங்க?" அதற்கு நீலகிரி மாவட்டம் முழுக்க ஒரே பதில்தான். "ஒண்ணும் பண்ணலீங்க." அதனால் நான் அப்படிக் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டேன். தம்பியைப் பார்த்து, "நேத்து எதைப் பார்த்து உங்களுக்குக் கோவம் வந்துச்சு?" என்று கேட்டேன்.

கோபத்தைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் ஒன்றையும் மறைப்பதில்லை. "பின்ன என்னுங்கண்ணா? டிஸ்க்ல எடம் பத்தலையேன்னு தொறந்து பார்க்கறேன், முன்னால ஒரு துண்டு. என் பாகத்துலயும் இல்லை, அவரு பாகத்துலயும் இல்லை. உள்ள எட்டிப் பார்த்தா விண்டோஸ்காரன் பேருல ஒரு ஃபோல்டர். பாகம் பிரிச்சப்ப இதை எங்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா? ஆக்கிரமிப்புதானுங்களே? எடுத்துப்போட்டேன்."

"எடுத்து?"

"என் பாகத்தோட சேர்த்தலாம்னு பார்த்தா சேரலீங்க. நடுவுல அவரு பாகம் கெடக்குது. அது பாட்டுக்குத் தரிசா இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

"பார்த்தீங்களாண்ணா? தடத்தையே அழிச்சுப்போட்டான்!" மயில்சாமி மேஜையைத் தட்டினார். "கேக்கறதுக்கு ஆளில்லைன்னு நெனப்பு. அவன் பாகத்தைச் சுத்தமாத் தொடச்சுப்போட்டு என்னுத எழுப்புங்க."

"அவரு விண்டோஸைத் தூக்கி வீசச் சொல்லுங்கண்ணா, எல்லாம் தன்னால சரியாப் போகும்."

"ரெண்டையும் அழிச்சுருங்கண்ணா" என்றாள் பின்னால் நின்றிருந்த சுகந்தி. "நான் ஆபீஸ் டைப்ரைட்டர்ல கார்பன் வெச்சு அடிச்சுக்கறேன்."

என் கை கீபோர்டில் இருந்தது. அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். தம்பி எடுத்தது தடத்தைத்தான். இரண்டு வீடும் அப்படியேதான் இருக்கும். தடத்திலும் கோட்டை அழித்தாரே தவிர மண்ணைக் கிளறவில்லை. பழைய எல்லை தெரிந்தால் மறுபடி கோடு போட்டுவிடலாம். நிதானமாகச் செய்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்து வேலை. ஆனால் நிதானம் அந்த அறையில் இல்லை. இரண்டு காதிலும் இரண்டு பேர். எல்லை ஒரு இழை தப்பினால் அண்ணன் பாகத்தின் தலையில் போய் நிற்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. மத்தியானத்துக்குள் வேண்டியது பத்திரிகை. கம்ப்யூட்டர் எழுவதற்கு அன்று யாருக்கும் கெடு இல்லை. உடைந்த பொருள் ஒன்றாகவும் அவசரமான காரியம் வேறொன்றாகவும் இருக்கும். நம் கை தன்னால் உடைந்த பொருளிடம்தான் போகும். கையை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகி, அதிலிருந்தே லினக்ஸைக் கிளப்பினேன்.

"இது யாரு பாகமுங்க?" என்றார் மயில்சாமி.

"யாரு பாகமும் இல்லீங்க. பென்டிரைவ்ல இருந்து ஓடுது. பிடுங்கினா போயிரும்."

"அப்ப பொறம்போக்கு."

"அப்படியே வெச்சுக்குங்க."

புறம்போக்கில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பதாலோ என்னவோ, கனகராஜும் காகிதக் கட்டிலிருந்து எழுந்து வந்தார்.

இரண்டு பாகமும் உள்ளே பத்திரமாக இருந்தன. அண்ணன் பாகத்தைத் திறந்தால், பார்க்கலாம், எதையும் எழுதக் கூடாது என்று வந்தது. மயில்சாமி குளிர்காலத்தில் விண்டோஸை அணைப்பதே இல்லை. மறுநாள் கிளம்ப நேரமாகிறது என்று, வேலையைப் போட்டது போட்டபடி தூங்க வைத்துவிட்டுத்தான் முறையைத் தம்பியிடம் கொடுப்பார். தூங்குகிற விண்டோஸைக் கட்டாயப்படுத்தித் திறக்கவும் ஒரு வழி உண்டு. நாம் அதில் போகக் கூடாது. அவர் மூடாமல் வைத்திருக்கிற வேலை அதோடு போய்விடும். நமக்கு வேண்டியது ஒரு பிரதிதானே? இரண்டு பக்கமும் இருந்ததை முதலில் என் வெளி டிஸ்கில் எடுத்துக்கொண்டேன்.

மயில்சாமி இதைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னதான் சொல்லுங்கண்ணா, அவனோட லினக்ஸு என் ஊட்டுக்குள்ள பூந்து சாமானத்த எடுத்துட்டு வர்ற மாதிரி இருக்குது."

வாசகத்தைத் திறந்தால் தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் கமாவும் அடைப்புக்குறியுமாக ஒரு குப்பை. "இதுவும் அவன் வேலைதான்" என்றார் அண்ணன், திரும்பாமலே. அது யார் வேலையும் இல்லை. அந்தப் பழைய எழுத்துரு இந்தப் பக்கம் இல்லை, அவ்வளவுதான். அவர் பாகத்திலிருந்தே எழுத்துருவை எடுத்து வந்து வைத்ததும் 'திருமண அழைப்பிதழ்' என்று குண்டு குண்டாகத் தமிழ் வந்தது. டிசைனுக்குள் அதை உட்கார வைத்தேன். பிரிண்டர் கேட்காமலே எழுந்துகொண்டது.

மிச்சம் இருந்தது காலி வரி மட்டும்தான்.

"எம்பேரு மட்டும் போடுங்க" என்றார் அண்ணன்.

"அப்படின்னா பிரிண்டரை ஆஃப் பண்ணிருங்க" என்றார் தம்பி.

சிஸ்டம் நம் வேலை, பெயர் அவர்கள் வேலை. சுகந்தி என் தோளைத் தட்டி, "கொஞ்சம் எந்திரிங்கண்ணா" என்றாள். எழுந்தேன். பிரஸ்ஸில் வளர்ந்த பெண், அந்தப் பழைய எழுத்துருவில் அண்ணனுக்குச் சமமாகத் தட்டுவாள். வெறும் ஒரு பெயரைத் தட்டிவிட்டு பிரிண்ட் கொடுத்தாள். மாதிரி சூடாக வெளியே வந்தது. அதை எடுத்து இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி மேஜையில் வைத்தாள்.

தங்கள் நல்வரவை விரும்பும் சிவராஜ், மணமகளின் அண்ணன்.

எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. பத்திரிகைப்படி அன்று கிடைத்தது.

"என்ன புள்ள இது?" என்றார் மயில்சாமி.

"உங்க ரெண்டு பேரு ஊட்டையும் தொறந்தது இவருதான். இவரே என்னையக் கட்டிக் குடுக்கட்டும். முதல் பத்திரிகைய இப்படியே சாமிகிட்ட வெச்சுட்டு வர்றேன். மாமா கேட்டா, உங்களுக்கு ஆளுக்குப் பாதி டிஸ்க் இருக்குது, அது போதும்னுட்டாங்கன்னு சொல்லிக்கறேன்." சத்தமே இல்லாமல் சொன்னாள். கண்தான் நிறைந்திருந்தது. வெளியே வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"அதெப்படிங்கண்ணா நீங்க ஒத்துக்கலாம்?" என்று மயில்சாமி என் மேல் பாய்ந்தார்.

"அதானே! இருக்கறவங்க நாங்க செத்தா போயிட்டோம்?" என்று தம்பியும் என்னிடமே வந்தார்.

அப்பா போன பிறகு இருவரும் சேர்ந்து ஒரு கட்சியாக நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். எதிர்க்கட்சி நான். அதற்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை.

"எந்திரி புள்ள." மயில்சாமி உட்கார்ந்தார். என் பெயரை அழித்தார். தன் பெயரைத் தட்டினார். விரல் நின்றது. பனி உள்ளே வந்துகொண்டிருந்தது. யாரும் கதவைச் சாத்தவில்லை. அப்புறம் அடுத்த பெயரைத் தட்ட ஆரம்பித்தார்.

கனகராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, என்னைப் பார்த்து, "எம்பேருக்கு இனிஷியல் சரியாப் போடச் சொல்லுங்கண்ணா" என்றார்.

"அவன் இனிஷியல் எனக்குத் தெரியாதுங்களா?" மயில்சாமியும் என்னிடம்தான் சொன்னார். "என் இனிஷியலுதானுங்களே அது."

தம்பி போய் பிரிண்டரில் நல்ல காகிதமாகப் பார்த்து அடுக்கினார். ஒவ்வொன்றாக வர வர, அண்ணன் மடித்தார். சுகந்தி மூலைக்கு மஞ்சள் தடவினாள். வேன்காரர் இரண்டு முறை உள்ளே வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வேலை நடக்கிற விதத்தைப் பார்த்து, ஹாரனை விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கிளம்பும்போது மயில்சாமி கேட்டார், "மெசினு என்னண்ணா ஆகும்?"

"உள்ள இருக்கறது எல்லாம் பத்திரமா இருக்குதுங்க. தடத்தை நிதானமாத்தான் போடணும். நீங்க போயிட்டு வாங்க."

இரண்டு பேரும் வேனில் ஏறினார்கள். முன் சீட்டில் அண்ணன், அவருக்குப் பின்னால் தம்பி. பேசிக்கொண்டார்களா என்றால் இல்லை. ஆனால் பத்திரிகைக் கட்டைத் தம்பி மடியில் வைத்திருந்தார், அண்ணன் திரும்பித் திரும்பி அதைப் பார்த்துக்கொண்டார்.

சுகந்தி மட்டும் படியேறித் திரும்ப ஓடி வந்தாள். ஷாலை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அண்ணா, இன்னும் ஊருக்கெல்லாம் பத்திரிகை அடிக்கணும். தாம்பூலப் பை இருக்குது, பந்திக்கு போர்டு இருக்குது. இந்தப் பென்டிரைவ்ல ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்தாத்தானே வேலை நடக்கும்?"

"ஆமா. ஒருத்தரு தட்டோணும், ஒருத்தரு அடிக்கோணும். சேமிக்கறது என் டிஸ்க்ல."

"அப்ப கல்யாணம் முடியற வரைக்கும் இது சரியாக வேண்டாமுங்கண்ணா."

வேன் போய்விட்டது. நானும் அந்தக் கம்ப்யூட்டரும் மட்டும் இருந்தோம். காதில் யாரும் கத்தவில்லை, பழைய எல்லையும் எனக்குத் தெரியும், கையில் டீயும் இருந்தது. டீயைக் குடித்து முடித்தேன். என் வெளி டிஸ்கை மேஜையிலேயே வைத்தேன். பென்டிரைவைச் செருகியபடியே விட்டுவிட்டு, ஷட்டரை இறக்கி, வீட்டுக்குக் கிளம்பினேன். இத்தனை வருட சர்வீஸில், ரிப்பேரைத் தொடாமலே வேலை முடிந்தது என்று நிம்மதியாகப் படியேறிய நாள் அது ஒன்றுதான்.